சனி, ஞாயிறு ஆனால் பேச்சு வானொலிக்கு என்ன ஆகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சியின் எடிசனில் குடியேறி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இத்தனை வருடமும் காரில் ரேடியோ ஓடாத நாள் அபூர்வம். அதிலும் பாட்டு இல்லை, பேச்சு. ஒரு சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் காரை நிறுத்திக் காத்திருந்தபோது, ஜன்னல் வழியாகக் கேட்ட ஒரு நண்பர், "என்ன சார், யாரோ மாத்திரை விக்கிறாங்க, இதைப் போய்க் கேட்டுட்டிருக்கீங்க?" என்றார். நியாயமான கேள்வி. அன்றிலிருந்து அவரும் மற்றப் பெற்றோர்களும் கேட்டவற்றை, நான் சொன்ன பதில்களோடு இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாம் அமெரிக்க வானொலி பற்றியது, அதிலும் நான் நன்றாக அறிந்த நியூயார்க் வட்டாரம் பற்றியது.

பேச்சு வானொலி என்றால் என்ன? நம்ம ஊர் எஃப்எம்மில் ஆர்ஜே பேசுவது மாதிரியா?

இல்லை. அங்கே இரண்டு பாட்டுக்கு நடுவே பேச்சு. இங்கே பாட்டே கிடையாது, பேச்சுதான் சரக்கு. ஒருவர் மூன்று நான்கு மணி நேரம் மைக் முன்னால் உட்கார்ந்து அன்றைய விஷயத்தைப் பேசுவார். நேயர்கள் போனில் வந்து ஒத்துப்போவார்கள், சண்டை போடுவார்கள். பெரும்பாலும் ஏஎம் அலைவரிசை. நியூயார்க்கின் 770 டபிள்யூஏபிசி ஒரு காலத்தில் பாப் பாட்டுக்குப் பேர்போன நிலையம். எஃப்எம்மின் துல்லியத்தோடு போட்டி போட முடியாமல் 1982 மே 10 அன்று பாட்டை நிறுத்திப் பேச்சுக்கு மாறியது. சர்ச்சைக்குரிய விஷயம் என்றால் எதிர்த்தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்ற 'நியாயக் கோட்பாட்டை' ஒலிபரப்பைக் கவனிக்கும் எஃப்சிசி என்ற அரசு ஆணையம் 1987-ல் கைவிட்டது. அடுத்த வருடமே, 1988 ஆகஸ்டில், ரஷ் லிம்பா என்ற வலதுசாரிப் பேச்சாளரின் நிகழ்ச்சி நாடு முழுக்கப் போக ஆரம்பித்தது. அரசியல் பேச்சு பெரிய வியாபாரமானது அதற்குப் பிறகுதான்.

இந்தியாவில் தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. அதனால் இந்த வகை நிலையம் நம்மிடம் முளைக்கவே இல்லை. ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் ஒன்றும் பிடிபடாததற்கு அதுவே காரணம்.

வெள்ளிக்கிழமை வரை நன்றாக இருக்கும் நிலையம் சனிக்கிழமை ஏன் மருந்துக் கடை ஆகிவிடுகிறது?

ஏனென்றால் சனிக்கிழமை அந்த மணி நேரம் நிலையத்தின் கையில் இல்லை. விற்றாகிவிட்டது.

திங்கள் முதல் வெள்ளி வரை நிலையத்தின் வருமானத்தில் பெரும்பகுதி காலையிலும் மாலையிலும் ஜனங்கள் காரில் வேலைக்குப் போய்வரும் நேரத்தில் வருகிறது. அந்த நேரத்துக்கு ஒரு தொகுப்பாளர், போன் எடுத்து நேயரை வடிகட்டி அனுப்ப ஒருவர், ஒலிப்பலகையில் ஒருவர், செய்தி வாசிக்க ஒருவர் என்று ஆள் போட்டால் கட்டுப்படியாகும். சனிக்கிழமை அந்தக் கார்கள் வீட்டில் நிற்கின்றன. விளம்பரக் கட்டணம் சரிகிறது. நிலையத்துக்கு இரண்டு வழி. சம்பளம் கொடுத்து ஆள் வைத்து, முப்பது வினாடி, அறுபது வினாடியாக விளம்பரம் தேடி விற்பது ஒன்று. மணி நேரத்தை மொத்தமாக ஒரு நிதி ஆலோசகருக்கோ சத்து மாத்திரைக் கம்பெனிக்கோ வீட்டுக் கடன் தரகருக்கோ கொடுத்துவிடுவது இன்னொன்று. இரண்டாவதில் பணம் முன்கூட்டியே வரும். நிகழ்ச்சியைப் பதிவு செய்து அவர்களே அனுப்பிவிடுவார்கள். கம்ப்யூட்டர் ஓட்டும். ஸ்டூடியோவில் விளக்கு போட வேண்டியதில்லை.

முதலாளிமார் பேராசைக்காரர்கள் என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. 1996-ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், நாடு முழுக்க ஒரு கம்பெனி இத்தனை நிலையம்தான் வைத்திருக்கலாம் என்ற வரம்பை எடுத்துவிட்டது. பெரிய கம்பெனிகள் கடன் வாங்கி நூற்றுக்கணக்கில் வாங்கிக் குவித்தன. கடன் கழுத்தை நெரித்தது. கியூமுலஸ் 2017-ல், ஐஹார்ட் 2018-ல், ஆடசி 2024-ல் என்று ஒவ்வொன்றாகத் திவால் மனு கொடுத்தன. மேலே சொன்ன டபிள்யூஏபிசி, நாட்டிலேயே பெரிய ஊரில் 50,000 வாட் சக்தியோடு ஒலிபரப்பும் நிலையம், 2019-ல் கைமாற முடிவான விலை 1.25 கோடி டாலர். மன்ஹாட்டனில் ஒரு நல்ல மாடிவீட்டின் விலை அது! அப்படி நொடித்த தொழிலில், சனிக்கிழமை காலைக்கு யாராவது ரொக்கம் நீட்டினால் வேண்டாம் என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

காசு வாங்கிக்கொண்டு போடுகிறோம் என்று சொல்ல வேண்டாமா?

சொல்ல வேண்டும். 1934-ன் தகவல்தொடர்புச் சட்டம், 317-ஆவது பிரிவு. ஆனால் பொதுவாக நிகழ்ச்சியில் ஒரு தடவை சொன்னாலே போதும். பத்து நிமிடம் கழித்து ரேடியோவைப் போட்டவர் அதைக் கேட்கவே மாட்டார். என்னைக் கேட்டால், ஒவ்வொரு இடைவேளைக்குப் பிறகும் சொல்ல வேண்டும் என்று விதி இருக்க வேண்டும்.

கேட்கிறவருக்கு அது தெரியாமலா போகும்?

போகும். என் வீட்டிலேயே போனது.

மாமனார் தஞ்சாவூரிலிருந்து வந்து எங்களோடு ஐந்து மாதம் இருந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஆங்கிலம் நன்றாகத் தெரியும், கணக்கில் புலி. சமையலறை ஜன்னலோரம் ஒரு சின்ன ரேடியோ உண்டு. ஒரு சனிக்கிழமை காலை நான் காய்கறி வாங்கிவிட்டு வந்தபோது, தினத்தாள் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் ஒரு போன் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார். முழங்கால் வலிக்கு ஏதோ ஒரு டாக்டர் முக்கால் மணி நேரம் பேசினாராம். "இவ்வளவு நேரம் ஒரு டாக்டர் ரேடியோல பேசுறார்னா சும்மாவா மாப்பிள்ளை?" என்றார்.

அவர் சொன்னதில் இருந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். திருச்சி வானொலியில் டாக்டர் பேசினால் அவர் அரசு ஆஸ்பத்திரி டாக்டராகவோ மருத்துவக் கல்லூரிப் பேராசிரியராகவோ இருப்பார். நிலையம் அழைத்து, சன்மானம் கொடுத்துப் பேச வைக்கும். பேசுகிறவர் நிலையத்துக்குக் காசு கொடுப்பார் என்பது அந்தத் தலைமுறையின் கற்பனையிலேயே இல்லை. எங்கள் வீட்டு விலாசத்துக்கு மூன்று புட்டி வந்தது. அடுத்த மாதம் கேட்காமலே இன்னும் மூன்று வந்தது, என் கார்டில் பணமும் போனது. நிறுத்துவதற்கு மூன்று தடவை போன் செய்தேன். மாமனார் அதற்குப் பிறகு அந்த ரேடியோ பக்கமே போகவில்லை. பணத்தைவிட எனக்கு அதுதான் வலித்தது. அந்த நிலையம் எது என்பது இங்கே முக்கியமில்லை, இது பல நிலையங்களில் நடக்கிறது.

அமெரிக்காவில் சத்து மாத்திரைகளை விற்பதற்கு முன் அவை வேலை செய்கின்றன என்று அரசிடம் நிரூபித்து அனுமதி பெற வேண்டியதில்லை. 1994-ன் சட்டம் அப்படி. எந்த நோயையும் குணப்படுத்த அல்ல என்று ஒரு வரி போடுவார்கள். பேச்சில் அந்த வரி எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைக் கேட்டவர்கள் அறிவார்கள்.

மாத்திரையாவது சில நூறு டாலரோடு போகும். ஓய்வுக்காலச் சேமிப்பைப் பற்றிப் பேசும் நிகழ்ச்சிகளில்தான் பெரிய ஆபத்து. டாலஸ் வட்டாரத்தில் 'மணி டாக்டர்' என்ற பெயரில் கிறிஸ்தவ வானொலிகளில் பேசிவந்த வில்லியம் நீல் கேலகர் என்பவர், கேட்டு நம்பி வந்த முதியவர்களின் சேமிப்பைப் பான்சி மோசடியில், அதாவது புதியவர் பணத்தை எடுத்துப் பழையவருக்கு லாபம் என்று கொடுக்கும் மோசடியில், சுருட்டினார். 2021-ல் டெக்சஸ் நீதிமன்றம் அவருக்கு மூன்று ஆயுள் தண்டனை விதித்தது. நிதி பேசும் எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் ரேடியோவில் பேசுகிறார் என்பது ஒருவருக்குத் தகுதிச் சான்று ஆகாது.

அப்படியானால் காதாலேயே கண்டுபிடிப்பது எப்படி?

நேரம் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். "இப்போது பத்து இருபது, வெளியே மழை, டர்ன்பைக் நெடுஞ்சாலையில் நெரிசல்" என்று ஒருவர் சொன்னால் அவர் அந்த நிமிடம் அங்கே உட்கார்ந்திருக்கிறார். பதிவு செய்து விற்கும் நிகழ்ச்சியில் நாளும் இராது, பொழுதும் இராது, ஊர்ப் பெயரும் இராது. மார்கழிக் குளிரில் கேட்டாலும் ஆடி வெயிலில் கேட்டாலும் அதே பேச்சு.

அடுத்தது போன் நம்பர். உண்மையான நிகழ்ச்சியில் அந்த நம்பர் ஸ்டூடியோவுக்குப் போகும். அங்கே ஒருவர் எடுத்து, பெயர் என்ன, எந்த ஊர், என்ன கேள்வி என்று விசாரித்து, உங்கள் ரேடியோவின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் காத்திருக்க வைப்பார். விற்பனை நிகழ்ச்சியில் அந்த நம்பர் நேராக ஆர்டர் எடுக்கும் இடத்துக்குப் போகும். இலவசப் புத்தகம், முதலில் அழைக்கும் இருபது பேருக்குச் சலுகை என்றெல்லாம் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

பேட்டி எடுப்பவர் ஒரு தடவையாவது மறுத்துப் பேசுகிறாரா என்றும் கேளுங்கள். ஒரு மணி நேரம் முழுக்க "அப்படியா, ஆச்சரியமாக இருக்கிறதே!" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பவர் பேட்டி எடுக்கவில்லை.

காசு கொடுத்து நேரம் வாங்குவதே தப்பா?

தப்பு என்று சொன்னால் நம் பிழைப்பையே நாம் தப்பு என்று சொன்ன மாதிரி. இந்த நாட்டில் போலந்துக்காரர்கள், இத்தாலியர்கள், கிரேக்கர்கள் எல்லோரும் தங்கள் மொழி நிகழ்ச்சியை இப்படி ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தை வாங்கித்தான் வளர்த்தார்கள். இந்தி, குஜராத்தி, தமிழ் நிகழ்ச்சிகளும் அப்படி வந்தவைதான். கோவில் திருவிழா அறிவிப்பு, அரங்கேற்றச் செய்தி, குடியேற்ற வக்கீலின் விளம்பரம், நடுவே நாலு பழைய பாட்டு. வார நாளில் எந்த நிலையம் நமக்கு ஒரு மணி நேரம் கொடுக்கும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்க வானொலியில் காசு வாங்கிப் போட்ட முதல் விளம்பரம் என்று வரலாறு எழுதுகிறவர்கள் குறிப்பிடுவது, 1922 ஆகஸ்ட் 28 அன்று நியூயார்க்கின் டபிள்யூஈஏஎஃப் நிலையத்தில் குயின்ஸ்பரோ கார்ப்பரேஷன் செய்த பேச்சு. ஜாக்சன் ஹைட்ஸில் கட்டிய அடுக்குமாடி வீடுகளை வாங்கச் சொல்லி சில நிமிடம் நீண்ட பேச்சு. நாம் புடவையும் மளிகையும் வாங்கப் போகிற அதே ஜாக்சன் ஹைட்ஸ்! ஆக, நேரத்தை வாங்கிப் பேசுவது நேற்று வந்த பழக்கம் இல்லை, விளம்பரம் பிறந்ததே அப்படித்தான். என் வழக்கு நேரம் விற்பதோடு இல்லை. விற்ற நேரத்தில் நிலையத்தின் குரலையும் நேயர் வைத்த நம்பிக்கையையும் சேர்த்து விற்பதோடுதான். தமிழ் நிகழ்ச்சி நடத்துகிறவர் இது தன் நிகழ்ச்சி என்று சொல்லிவிட்டுத்தான் பேசுகிறார். அந்த டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

முன்பு மட்டும் நன்றாக இருந்ததா, இல்லை இது பழங்கதையா?

நன்றாக இருந்தது. சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

வார நாள் முழுக்க அரசியல். யாரும் யாரையும் மாற்றுவதில்லை. வாரயிறுதியில்தான் விஷயம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து, தெரியாதவர் கேட்பதற்குப் பதில் சொல்வார். தோட்டம், வீடு பழுது, கார், சட்டம், கணினி. லாஸ் ஏஞ்சலஸ் கேஎஃப்ஐயில் பில் ஹாண்டல் என்ற வக்கீல் பல வருடமாகச் சனிக்கிழமை காலைகளில் நேயர்களின் சட்டச் சிக்கல்களுக்குப் பதில் சொல்லிவந்தார். கிம் கோமாண்டோ கணினிக்கு. இவற்றுக்கெல்லாம் அண்ணன் 'கார் டாக்'. டாம், ரே என்ற மாலியாட்சி சகோதரர்கள் இருவரும் எம்ஐடியில் படித்துவிட்டு மெக்கானிக் ஷெட் வைத்தவர்கள். 1977-ல் பாஸ்டனின் டபிள்யூபியூஆரில் ஆரம்பித்து, 1987-ல் என்பிஆர் என்ற பொது வானொலி அமைப்பின் வழியாக நாடு முழுக்கப் போனார்கள். நேயர் போனிலேயே தன் கார் போடும் சத்தத்தை வாயால் செய்து காட்டுவார். அண்ணனும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சரியாக எந்த பேரிங் என்று சொல்வார்கள். 2012-ல் புது நிகழ்ச்சி செய்வதை நிறுத்தினார்கள். 2014-ல் டாம் காலமானார்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று. முதல் குளிர்காலம் தாண்டிய கறிவேப்பிலைத் தொட்டி, இரண்டாம் குளிர்காலத்தில் ஜனவரியில் மொத்த இலையையும் கொட்டிவிட்டது. வெறும் குச்சி. என் மனைவி சனிக்கிழமை காலை வந்த தோட்ட நிகழ்ச்சிக்குப் போன் போட்டாள். பெயர், ஊர் எல்லாம் கேட்டுவிட்டு இருபத்தைந்து நிமிடம் காக்க வைத்தார்கள். நான் மாடியில் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் குரல் முதலில் கீழே சமையலறையிலிருந்து கேட்டது. சில வினாடி கழித்து அதே வார்த்தை ரேடியோவில் வந்தது.

அந்த மனிதருக்குக் கறிவேப்பிலை தெரியவில்லை. தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவும் இல்லை. இலை எப்படி இருக்கும், கசக்கினால் என்ன வாசம், பழம் விடுமா, எந்த ஊர்ச் செடி என்று கேட்டார். பிறகு, "இது எலுமிச்சைக் குடும்பம் போலிருக்கிறது. தொட்டி எலுமிச்சையைக் குளிர்காலத்தில் பார்த்துக்கொள்கிற மாதிரியே பாருங்கள்" என்றார். நகத்தால் தண்டை லேசாகச் சுரண்டச் சொன்னார். உள்ளே பச்சை. அப்படியானால் உயிர் இருக்கிறது, விரலை மண்ணில் விட்டுப் பார்த்து ஈரம் இல்லையென்றால் மட்டும் தண்ணீர், ஹீட்டர் காற்று படாத தெற்கு ஜன்னல், மார்ச் வரை உரம் வேண்டாம். ஏப்ரலில் துளிர்த்தது. அந்த நாலு நிமிடத்தில் யாரும் எங்களுக்கு ஒன்றையும் விற்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த வேறு யாருக்கோ வாடிய எலுமிச்சை பிழைத்திருக்கும்.

நம் ஊரிலும் இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1960-களில் தஞ்சை வட்டாரத்தில் ஆடுதுறை 27 நெல்லைப் பற்றி வானொலியில் விளக்கமாகச் சொல்லப் போய், ஜனங்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். விஷயம் தெரிந்தவரை மைக் முன் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சனிக்கிழமை கேட்டதையே மறுபடி போடுகிறார்களே?

வார நாள் நிகழ்ச்சியின் 'சிறந்த பகுதிகள்' என்று வரும். உண்மையில் செவ்வாய்க்கிழமை கேட்டதே. அரசியல் பேச்சு தயிர் மாதிரி, நாலு நாளில் புளித்துவிடும். தோட்ட நிகழ்ச்சியின் மறு ஒலிபரப்பைக்கூடக் கேட்கலாம்.

விளையாட்டு?

கல்லூரி ஃபுட்பால், பேஸ்பால் நேர்முக வர்ணனை வாங்கிய நிலையங்களுக்கு வாரயிறுதியில் நிஜமான கூட்டம் உண்டு. அவர்கள் பிழைத்தார்கள்.

ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கு யாரோ நூலகத்தைப் பற்றியும் ரத்த தானத்தைப் பற்றியும் பேசுகிறார்களே, யார் கேட்பதற்கு?

நல்ல நிகழ்ச்சிகள் அவை, நேரம்தான் அநியாயம். முன்பு, இத்தனை சதவீத நேரம் செய்தியும் பொதுவிஷயமும் இருக்க வேண்டும் என்று எஃப்சிசி ஒரு அளவுகோல் வைத்திருந்தது. ஒரு மணி நேரத்தில் 18 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்றும் ஒரு அளவுகோல் இருந்தது. 1981-ல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது ஒரே கடமை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, உள்ளூரின் முக்கியப் பிரச்சினைகள் என்ன, அவற்றுக்காக என்ன ஒலிபரப்பினோம் என்று பட்டியல் போட்டு வைக்க வேண்டும். எத்தனை மணிக்கு ஒலிபரப்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எனவே, விற்க முடியாத விடியற்காலையில் போட்டுக் கணக்குக் காட்டிவிடுகிறார்கள். ஒரு தடவை விமான நிலையத்துக்குப் போகும் வழியில், ஈயக் குழாய்த் தண்ணீர் பற்றி அரை மணி நேரம் ஓர் அதிகாரி பேசக் கேட்டேன். அவ்வளவு பயனுள்ள பேச்சு. ஊரே தூங்கிக்கொண்டிருந்தது.

வாரயிறுதியில் ஏதாவது பெரிய சம்பவம் நடந்தால்?

எனக்கு உண்மையான கவலை இதுதான். கல்பனா சாவ்லா போன கொலம்பியா விண்கலம் சிதறியது 2003 பிப்ரவரி 1, சனிக்கிழமை காலை. கத்ரீனா புயலுக்கு நியூ ஆர்லியன்ஸைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது 2005 ஆகஸ்ட் 28, ஞாயிற்றுக்கிழமை. 2024 ஜூலையில் பென்சில்வேனியாவில் டிரம்ப் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது சனிக்கிழமை மாலை, அடுத்த வாரமே பைடன் போட்டியிலிருந்து விலகியது ஞாயிற்றுக்கிழமை மதியம். சம்பவங்கள் கிழமை பார்த்து வருவதில்லை. நியூ ஆர்லியன்ஸின் டபிள்யூடபிள்யூஎல் கத்ரீனா அடித்தபோதும் ஒலிபரப்பை விடாமல் நடத்தியது. ஆள் இருந்ததால் முடிந்தது. மாத்திரை நிகழ்ச்சியைக் கம்ப்யூட்டர் ஓட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தில் பொத்தானை அமுக்க யார் இருக்கிறார்கள்?

நியூயார்க்கில் 1967-லிருந்து நாள் முழுக்கச் செய்தி சொன்ன டபிள்யூசிபிஎஸ் 880, 2024 ஆகஸ்டில் செய்தியை நிறுத்தியது. அந்த அலைவரிசையில் இப்போது விளையாட்டு. 1010 வின்ஸ் இன்னும் செய்தி சொல்கிறது, அதுவரைக்கும் நல்லது.

பொது வானொலி மட்டும் ஏன் சனி, ஞாயிறில் நன்றாக இருக்கிறது?

அங்கே மணி நேரத்தை மொத்தமாக வாங்க முடியாது. நேயர் நன்கொடையிலும், பெயரை மட்டும் சொல்லும் புரவலர் பணத்திலும் ஓடுகிறது. அதனால் வாரயிறுதியை அவர்கள் உச்ச நேரமாகவே நடத்தினார்கள். என்பிஆரின் செய்தி நிகழ்ச்சியான 'வீக்எண்ட் எடிஷன்' சனிக்கிழமைப் பதிப்பு 1985-ல் வந்தது, ஞாயிறு பதிப்பு 1987-ல். ஞாயிறு புதிரை அன்றிலிருந்து வில் ஷார்ட்ஸ் நடத்துகிறார். 'திஸ் அமெரிக்கன் லைஃப்' 1995-ல் சிகாகோவில் தொடங்கியது, செய்தி வினாடிவினாவான 'வெய்ட் வெய்ட்' 1998-ல். கஷ்ட காலம் அவர்களுக்கும் வந்துவிட்டது. 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கிய 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பெரிய நகர நிலையங்கள் நன்கொடையில் சமாளிக்கும். கிராமத்து நிலையங்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

பாட்காஸ்ட் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

பாட்காஸ்ட் நானும் கேட்கிறேன். ஆனால் கறிவேப்பிலைக்குப் பதில் கிடைத்தது பாட்காஸ்டில் இல்லை. ஜனவரி சனிக்கிழமை, குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்விக்கு அந்த நிமிடம் பதில் வந்தது. மாமனாரைப் போன்றவர்களுக்கு ஆப்பும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம். திருகினால் பேசும்.

நேயராக நாம் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம், யாரும் செய்வதில்லை. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பொதுக் கோப்பு உண்டு. 2018-லிருந்து எல்லா வானொலிகளின் கோப்பும் எஃப்சிசியின் இணையதளத்தில் இருக்கிறது. டபிள்யூஏபிசி மாதிரி நிலையத்தின் அழைப்பெழுத்தைப் போட்டால் வரும். மேலே சொன்ன மூன்று மாதப் பட்டியலை அதில் படிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 10-ஆம் தேதிக்குள் ஏற்ற வேண்டும். எந்த நிகழ்ச்சி எத்தனை மணிக்குப் போனது என்றும் போட்டிருப்பார்கள். ஞாயிறு காலை ஐந்து, ஐந்தரை என்று வரிசையாக இருந்தால் அதைக் குறித்துக்கொண்டு நிலைய மேலாளருக்கு எழுதுங்கள். உரிமம் எட்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது. நியூயார்க், நியூ ஜெர்சி நிலையங்களின் முறை 2030-ல் வருகிறது. அப்போது எஃப்சிசிக்கே நம் கருத்தை எழுதலாம். அலைவரிசை அவர்களுடைய சொத்து இல்லை, 'பொதுநலன், வசதி, தேவை'க்காக அரசு கொடுத்து வைத்திருப்பது. 1934-ன் சட்டத்தில் உள்ள வார்த்தைகள் இவை.

திட்டி மட்டும் எழுதாதீர்கள். நல்ல தோட்ட நிகழ்ச்சி கேட்டால் அன்றே நாலு வரி எழுதுங்கள். அதன் விளம்பரதாரர் கடையில் மண் வாங்கினால், ரேடியோவில் கேட்டு வந்தேன் என்று கல்லாவில் சொல்லுங்கள். நிகழ்ச்சி பிழைப்பது அந்த ஒரு வார்த்தையில்தான்.

இந்த வாரயிறுதி எதைக் கேட்க?

சனிக்கிழமை காலை உங்கள் வட்டார ஏஎம்மில் தோட்டம் அல்லது வீடு பழுது நிகழ்ச்சி ஒன்றைத் தேடுங்கள், நேரம் சொல்கிறார்களா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். பிறகு பொது வானொலிக்கு மாறி 'வெய்ட் வெய்ட்', பிள்ளைகளும் சிரிப்பார்கள். ஞாயிறு காலை புதிர், காபியோடு. வண்டியில் இரவு வருவதாக இருந்தால், இருட்டிய பிறகு ஏஎம்மை மெதுவாகத் திருகுங்கள். அந்த அலை வானத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் வரும். 1030 அலைவரிசையில் பாஸ்டன் கேட்கும்.